சுண்ணாம்பு

பட்டி பூசி, காய்ந்ததும் தேய்த்து,
இமை வரை வெளுத்துத்தான் வீடு வருவேன்.
புயலுக்குப் பிந்திய லேக் சார்ல்ஸில்
சுவர் போடுகிறவனுக்கு ஞாயிறு கிடையாது.
கதவைத் திறந்ததும் பிக்கயூன்
பூட்ஸில் தொற்றி, முழங்கையில் ஓடி,
மணிக்கட்டிலிருந்து கழுத்து வரை
நக்கிச் சுத்தம் செய்வாள்.
பார், எவ்வளவு பிரியம் என்பேன்
யாருமில்லாத சமையலறையிடம்.

பிக்கயூன் என்றால் இங்கே
பழங்காலத்துச் சில்லறைக் காசு.
முறிந்த ஓக் மரத்தடியில், கண் திறக்காமல்,
அவ்வளவுதான் இருந்தாள்.
வளர்ந்ததும் கேட்டதெல்லாம் கொடுத்தேன்.
சூரியகாந்தி விதை. மக்காச்சோளம்.
வெள்ளிக்கிழமையானால் பீக்கன் பருப்பு, உடைத்து.
கீரையை முகர்ந்து தூக்கி எறிந்தாள்,
சிரித்தேன், மறுநாள் கீரை வாங்கவில்லை.

அப்புறம் ஜன்னலோரச் சுவரைக் கொறித்தாள்.
நானே நிறுத்தி நானே தேய்த்த சுவர்.
தேநீர்த் தட்டு அகலத்துக்குக் குழி.
செய்தித்தாளைச் சுருட்டி மேசையில் அடித்தேன்.
மிளகாய்ச் சாறு தடவினேன்.
காதைத் தாழ்த்திக்கொண்டு போய்விட்டு
நான் தூங்கியதும் திரும்பி வந்தாள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
திரைச்சீலையில் ஏறியவள் பாதியில் நின்றாள்.
பின்னங்கால்கள் இரண்டும்
நனைந்த கையுறைபோல் தொங்கின.
விழவில்லை,
நகத்தை ஒவ்வொன்றாக விட்டு வழுக்கி இறங்கினாள்.
கையில் எடுத்தால் உடம்பெல்லாம் அதிர்வு.
பழைய குளிர்ப்பெட்டி
நிற்பதற்கு முன் நடுங்குமே, அது.

எதிர்வீட்டு டெல்ஃபினுக்கு டயாலிசிஸ் நிலையத்தில் வேலை.
சீருடையோடு வந்தாள். விளக்கைப் பிடிக்கச் சொன்னாள்.
தாடையை ஒரு விரலால் தொட்டாள்.
"ரப்பர் மாதிரி இருக்கு, ஓவீட்.
ரத்தத்துக்குச் சுண்ணாம்புச் சத்து வேணும்.
வெளியிலேர்ந்து வரலேன்னா
எலும்பைக் கரைச்சு எடுத்துக்கும்."
வெளியிலிருந்து என்றால் நான்.

லஃபாயெட் மருத்துவர் போனில் சொல்லச் சொல்ல
பீக்கன் பெட்டியின் முதுகில் எழுதினேன்.
மாத்திரையைப் பொடித்து, நீரில் குழைத்து,
ஊசியில்லாத ஊசிக்குழலில்,
கடைவாய் ஓரமாக, சொட்டுச் சொட்டாக.
இரவு பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து.
கூண்டின் கிளைகளை அறுத்தேன்,
தரையெல்லாம் துவாலை. ஏறக் கூடாதாம்.
ஏறாத அணிலை எங்கே வைத்துப் பார்ப்பது?
கண்ணாடி வழியே வரும் வெயில் உதவாதென்று
விடிந்ததும் கார்க் கொட்டகை வாசலில்
மடியில் வைத்து உட்கார்ந்தேன்.
பகலில் மதியச் சோற்றுப் பெட்டிக்குள் வேலைக்கு வந்தாள்.
முதல் பூச்சு காய்வதற்குள் ஒரு வேளை,
இரண்டாவது காய்வதற்குள் இன்னொன்று.
மேஸ்திரி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
பெட்டிமேல் வெயில் விழாமல் ஏணியை நகர்த்தினார்.

ஆறாம் இரவு, மூன்று மணி,
தூக்கக் கையில் பொடி சிந்தியது.
மணிக்கட்டில் ஒரு வெள்ளைக் கோடு.
தலை தூக்க முடியாதவள்
தலை தூக்கி நக்கினாள்.
அதே நாக்கு. அதே அவசரம்.
மணிக்கட்டில் தொடங்கி.

காலையில் பட்டி வாளியின் சீட்டைப் படித்தேன்.
இருபது வருடமாகத் திறக்கிற வாளி.
முதல் சொல்லே சுண்ணாம்புக்கல்.

தினமும் வாசலில் வைத்து, பிறகு சுவரில் எழுதி,
எத்தனை முறைதான் கேட்பாள்.

இப்போது டெல்ஃபினின் தம்பி கொடுத்த மான்கொம்பை
இரவெல்லாம் அரைக்கிறாள்.
அந்தக் கரகரப்பு நின்றால் விழித்துக்கொள்கிறேன்.
இடது கால் கோணல்தான். அது நேராகாதாம்.
நேற்றுத் திரைச்சீலையில் இரண்டு முழம்.

ஊரெல்லாம் குழியடைக்கிறேன்,
என் ஜன்னலோரக் குழியை விட்டுவைத்திருக்கிறேன்.
வேலையிடத்திலேயே கை கழுவிவிட்டு வருகிறேன்,
முழங்கை வரை, சோப்புப் போட்டு.
தூசி இல்லாத கையை நீட்டுகிறேன்.
முகர்கிறாள்.
கையைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள்.
இன்னும் முடிவெடுக்கவில்லை.