பத்துக் கிலோவுக்குக் கீழே

வாளையாறு எடைமேடையில் எனக்கு இரவுப்பணி.
சிவப்பாய் எண் எரியும் பெட்டி,
ரசீது துப்பும் இயந்திரம்.
வெளியே கணவாய்க் காற்று
தார்ப்பாய்களை அறைந்துகொண்டே இருக்கும்.

எங்கள் மேடைக்குப் பத்துக் கிலோதான் சின்ன அளவு.
அதற்குக் கீழே இருப்பதெல்லாம்
இல்லாததுதான்.

கஞ்சிக்கோட்டு ஆலைக்குப் பழைய காகிதம் ஏற்றி
ஆறுச்சாமி வருவார்.
ஒருநாள் கயிறு தளர்ந்த மூட்டையிலிருந்து
அட்டையில்லாத புத்தகம் ஒன்றை உருவிக்கொண்டேன்.
ரசீதில் ஒரு இலக்கமும் மாறவில்லை.
நான் திருடவில்லை என்பதற்கு
மேடையே சாட்சி.

ஸ்டோயிக் என்று ஒரு கூட்டமாம்,
கிரேக்கத்தில் தொடங்கி ரோமில் வளர்ந்தது.
முதலாமவன் ஊதாச் சாயத்தோடு கப்பலைக் கடலுக்குக் கொடுத்தவன்.
கரையேறிப் புத்தகக் கடையில் உட்கார்ந்தவன்
அதன்பிறகு அந்த நஷ்டத்தையே
லாபத்தில் எழுதிக்கொண்டான்.
போன ஐப்பசியில் இங்கே ஒரு வளைவில்
திருப்பூர்ச் சாயப் பீப்பாய்கள் உருண்டன.
ஓடை மூன்று நாள் நீலமாய் ஓடியது.
லாரிக்காரன் ஓரமாய்க் குந்தி
தவணை எத்தனை பாக்கி என்று விரல் மடக்கினான்.
பக்கத்தில் புத்தகக் கடை இல்லை.
பரோட்டாக் கடைதான்.

இன்னொருவன் அடிமை. கால் முடம்.
எசமான் முறுக்கும்போது ஒடியும் என்றானாம்,
ஒடிந்ததும் சொன்னேனே என்றானாம்.
நான் நம்பவில்லை.
கத்தியிருப்பான்.
கேட்டவர்கள் எழுதாமல் விட்டிருப்பார்கள்.
ஆனால் அவன் பிரித்த கணக்கு எனக்குப் பிடித்திருந்தது:
உன்னால் ஆவது ஒரு தட்டு,
ஆகாதது மறு தட்டு.
வண்டியில் எத்தனை டன் என்பது என்னால் ஆவதில்லை.
பார்த்த எண்ணை அடிப்பது என்னால் ஆகும்.
நோட்டை நாலாய் மடித்து நீட்டி
ஒரு டன் குறைக்கச் சொல்லும்போதெல்லாம்
சன்னல் கண்ணாடிக்குள் அந்த முடவன் நின்று பார்ப்பான்.
இரண்டு முறை பார்த்தான்.
மூன்றாம் முறை
நான் அவன் பக்கம் திரும்பவில்லை.

அது மாசி.
பாலக்காட்டு ஆஸ்பத்திரியில், வெதுவெதுப்பான பெட்டிக்குள்
எங்கள் மகள். ஆயிரத்து நூற்று நாற்பது கிராம்.
நர்ஸ் மலையாளத்தில் சொல்வாள்,
சுகந்தி தமிழில் நாட்காட்டியில் குறிப்பாள்.
நாற்பத்தைந்து, முப்பத்தைந்து, மறுபடி நாற்பது.
பதினோராம் நாள் கட்டத்தில்
ஒன்றும் குறிக்கவில்லை.

கடைசிப் பக்கங்களில் பேரரசன் ஒருவன் வருகிறான்.
போர்க்களக் கூடாரத்தில்
தனக்குத்தானே எழுதிக்கொண்டவன்.
பிள்ளைகள் பலரைப் புதைத்தவனாம்.
எத்தனை பேர் என்ற இடத்தில் மூட்டை நனைந்து
மை கலங்கியிருக்கிறது.
ஒவ்வொன்றும் என்ன எடை இருந்தது என்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.
தேடிவிட்டேன்.

அவனுக்கு முந்தைய அரசர்கள் முகம் போட்ட காசுகள்
இந்தக் கணவாய் வழியாகத்தான்
மிளகுக்கு எதிர்த்திசையில் வந்திருக்கும்.
நிறுத்துத்தான் வாங்கியிருப்பார்கள்.
குன்றிமணிக்கும் சாய்கிற தராசு
அன்று யாரோ ஒருவன் கையில்
இங்கே இருந்திருக்கிறது.

விடிகாலை மூன்று மணி. சாலை காலி.
இறங்கிப் போய் மேடை நடுவில் நின்றேன்,
புத்தகம் இடுப்பில்.
சன்னல் வழியே தெரிந்தது: அறுபது.
காற்று ஒருமுறை மோதியது, எழுபது.
மறுபடி அறுபது.
புத்தகத்தைக் கீழே தரையில் வைத்துப் பார்த்தேன்.
அறுபது.

தூத்துக்குடி உப்பு வண்டி ஹாரன் அடித்தது.
முழுதும் பூஜ்யம் வந்த பிறகுதான்
அடுத்ததை ஏற்ற வேண்டும், அது விதி.
விலகி நின்றேன்.
எண் இறங்கட்டும் என்று
கையை உயர்த்தி அவனை நிறுத்தி வைத்தேன்,
கொஞ்சம் கூடுதல் நேரம்.