மாசிபத்திரி, இருபது கிராம்

டிசம்பரில் ஹீயுமா தீவுக்கு வருபவர் குறைவு.
படகுத்துறைச் சீட்டு ஜன்னலில்
நாலு பேருக்குச் சில்லறை கொடுத்துவிட்டு
மூன்றரைக்கெல்லாம் வீடு.
மூன்றரைக்கெல்லாம் இருட்டு.

பழைய படுக்கைவிரிப்பை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி
மூன்று பக்கம் தைத்தேன்.
பரணில் தலைகீழாகத் தொங்கிய கோடையைப்
பிடிபிடியாக இறக்கினேன்:
லிண்டன் பூ, புதினா, தைம்.
தொட்டதுமே பொடிந்து
கம்பளிச் சட்டையின் கைகளில் ஏறிக்கொண்டன.
பூனை இரண்டு முறை தும்மியது.

யாருக்கு எது என்பதில் குழப்பமே இல்லை.
தபால்காரி லூலேவுக்கு அடிக்கடி தொண்டை கட்டும்,
அவளுக்குத் தைம்.
பனி அள்ளும் வண்டி ஓட்டுகிற ரைவோ
விடியுமுன் கண் விழிக்கப் புதினா.
பல் மருத்துவர் சிர்யேவுக்கு லிண்டன் பூ,
கூடவே ஒரு சின்னக் குப்பி தேன்
(திட்டுவார், வாங்கிக்கொள்வார்).

பிறகு எண்டெல்.
என் கொழுந்தன்.
செத்துப்போன அண்ணனின் படகை
என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றவன்.
ஏழு வருடமாக ஒரே கடையில் ரொட்டி வாங்குகிறோம்,
ஒருவர் முதுகை ஒருவர் நன்றாக அறிவோம்.
அவனுக்கு மாசிபத்திரி, இருபது கிராம்,
தராசில் வைத்து நிறுத்தேன்.
ஒரு மடக்குக்கு நாக்கு சுருளும்,
மறுநாள் கஞ்சியும் கசக்கும்.
ஆனால் என் கைக்கு ஓரவஞ்சனை தெரியாது,
அந்தப் பைக்கும் அதே சிவப்பு நூல்,
அதே அழகான முடிச்சு.

பெயர்களைப் பிர்ச் பட்டையில்
புளூபெரிச் சாறு தொட்டு எழுதினேன்.
வீட்டில் பேனா இருந்தது.
அழகுக்கு ஆசைப்பட்டதுதான் தப்பு.

உதைவண்டி தேவாலய வளைவில் சறுக்கியது.
நான் ஒரு பக்கம், கூடை ஒரு பக்கம்.
ஈரப்பனியில் பொறுக்கி எடுத்தபோது
நாலு பட்டையிலும் நாலு ஊதாக் கறை.
முகர்ந்து பார்த்திருக்கலாமே என்பீர்கள்.
எனக்குச் சளி.
மூன்று நாளாக மூக்கு இருப்பதே
கைக்குட்டைக்குத்தான் தெரியும்.

இருட்டிக்கொண்டு வந்தது.
கடவுளே என்று
கைக்கு வந்ததைக் கதவுக்கு ஒன்றாக
மாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் பத்து மணிவரை
எங்கள் சாலையில் பனி அப்படியே கிடந்தது.
ரைவோ அசந்து தூங்கிவிட்டானாம்.
ஆக, லிண்டன் அவனிடம்.
லூலே வாசலில் நின்று
புதினா நன்றாக இருந்தது என்றாள், கரகரத்த குரலில்.
மீதம் இரண்டு வீடு, இரண்டு பை.

ஜனவரி இரண்டாம் தேதி சிர்யேவின் நாற்காலியில்
வாயைப் பிளந்தபடி கிடந்தேன்.
"உங்கள் தேநீர்" என்றார்,
துளைக்கும் கருவியை முடுக்கிக்கொண்டே,
"தேன் நிறையத் தேவைப்பட்டது."
அவர் எல்லாவற்றிலும் தேன் ஊற்றுபவரா
என்று கேட்க
என் நாக்கு என் வசம் இல்லை.

ஆறாம் தேதி காலை
என் வாசற்படியில் செய்தித்தாள் பொதி ஒன்று.
உள்ளே புகையூட்டிய மீன்கள் ஐந்து,
மேலே என் துணிப்பை:
துவைத்து, இஸ்திரி போட்டு,
சிவப்பு நூலைச் சுருட்டி உள்ளே வைத்து.
கடிதம் இல்லை.
வேலியிலிருந்து படிவரை ரப்பர் பூட்ஸ் தடம்,
வந்தது ஒரு வரிசை,
போனது ஒரு வரிசை,
நடுவே கொஞ்ச நேரம் நின்றதுபோல் ஒரு மிதிபட்ட வட்டம்.

அதற்குள் என் மூக்கு திறந்திருந்தது.
பையை முகத்தில் வைத்து அழுத்தினேன்.
சோப்பு வாசம்.
வெறும் சோப்பு.

மீனில் உப்பு கூடுதல்.
கை தவறியதா,
தராசில் வைத்து நிறுத்துப் போட்டானா,
யாருக்குத் தெரியும்.
முள்ளைத் தவிர எதுவும் மிச்சம் வைக்கவில்லை.
பிறகு ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன்.