பதினேழாம் பை

மூன்று மண், முப்பது பை.
தேவாலயத்து மேட்டிலிருந்து எண்ணெய் காணாத மண் பத்து.
குழாய் வெடித்த ஓடைக்கரையில் அப்படியே அள்ளியது பத்து.
நடுவில் ஒரு பத்து:
இரண்டு வருடம் குவித்து, கிளறி, காற்றூட்டி
‘சுத்தம்’ என்று முத்திரை குத்திய மண்.

பைக்கு நாலு மக்காச்சோளம்.
முளைத்ததை எண்ணுவது என் வேலை.
அதற்குத்தான் போர்ட் ஹார்கோர்ட்டிலிருந்து
வாரம் இருமுறை மோட்டார் சைக்கிளில் வருகிறேன்.

பைகளுக்குக் காவல் நெனாலே.
கரை நிலம் அவளுடையது;
சம்பளம் இப்போது ஆடு விரட்ட.
“முளைத்தால் என்ன ஆகும்?” என்றாள் முதல் நாள்.
நிலம் தேறிவிட்டது என்று கம்பெனி கணக்கை மூடும்.
“முளைக்காவிட்டால்?”
மறுபடி இயந்திரம் வரும், இன்னும் இரண்டு வருடம்.
“அப்போ நான் எதற்கு வேண்டிக்கொள்வது?”
அதற்கு என் தாளில் கட்டம் இல்லை.

மேட்டு மண்ணில் முப்பத்தெட்டு.
கரை மண்ணில் மூன்று; அதுவும்
எட்டிப் பார்த்து மனசு மாறிவிட்டது.
சுத்தமான மண்ணில் முப்பத்தொன்று.
அன்றைக்கு எல்லோருக்கும் குளிர்பானம்.

ஆனால் முளை வேறு, பயிர் வேறு.
பைக்கு ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்கிய பிறகு
முழங்காலுக்குக் கீழேயே நின்றுபோயின.
இலையோரம் ஊதா, அடியில் மஞ்சள்.
உச்சி வெயிலில் குனிந்தால்
அணைத்த மண்ணெண்ணெய் விளக்கின் வாசம்.

பதினேழு மட்டும் கரும்பச்சை.
பொறியாளர் டெக்கெனா அதை நாலு பக்கமும் படம் பிடித்தார்.
அறிக்கைக்கு அட்டை கிடைத்துவிட்டது.
நான் விரலை விட்டுப் பார்த்தேன்.
சாம்பல்.
நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது ஒரு மீன் செதில்.

நெனாலே மறுக்கவில்லை.
“மீன் கழுவின தண்ணி. பத்துக்கும் ஊற்ற எங்கே போவேன்?
என் முக்காலிக்குப் பக்கத்தில் இருந்தது அது.”
இது பரீட்சை அம்மா,
மண் தானாக எழுத வேண்டும் என்றேன்.
“தானாக எந்த மண் விளைந்தது?”
கேட்டுவிட்டு ஆட்டை விரட்டப் போனாள்.

பதினேழின் மேல் கோடு போட்டேன்.
குறிப்பு: நீக்கப்பட்டது.
டெக்கெனா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆறாம் வாரம் அறுப்பு.
வேரைக் கழுவி, எழுபது டிகிரியில் உலர்த்தி
எல்லாவற்றையும் நிறுக்க வேண்டும்.
நீக்கியதை என்ன செய்வதென்று விதியில் இல்லை.
“அப்போ அது யாருடையது?”
நான் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தபோதே
பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு
கரைப் பக்கம் நடந்துவிட்டாள்.

அறிக்கை போனது: பயிருக்கு ஓரளவு ஏற்றது.
அந்த ‘ஓரளவு’க்காக
குளிரூட்டிய அறையில் ஒரு முழு மதியம் சண்டை.

ஆகஸ்டில் மழை கொஞ்சம் விட்டிருந்தபோது
வேறு வேலையாக அந்த வழியே போனேன்.
வண்டியை நிறுத்தினேன்.
சமன்செய்த வெற்று நிலம்.
நடுவில் மார்பளவுக்கு ஒற்றைச் சோளம்,
அதைச் சுற்றிச் சாம்பல் வட்டம்.
பழக்க தோஷம், இலையை எண்ணினேன்.
பதிமூன்று.
ஒன்பதாவதில் ஓட்டை ஓட்டையாக.
ஏதோ புழு
தின்று பார்த்திருக்கிறது.