வருகைக் கணக்கு

பெங்களூரு ஊரக மாவட்டம், சுற்றுலா இடங்கள்,
வரிசை எண் நாற்பத்தொன்று:
சொன்னகெரெ வீரக்கல், ஹொசக்கோட்டை தாலூக்கா.
எனக்குத் தந்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
அழுத்தினால் ஒன்று கூடும் கையடக்க எண்ணி,
நீலப் படிவம் இருநூறு.

ஸ்ரீராம்புரத்திலிருந்து இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ.
வருகிறவர்களை எண்ணும் வேலை.
யாரும் வரவில்லை.

போன வாரம் தேவனஹள்ளிக் கோட்டையில் கட்டைவிரல் வலித்தது.
கல்யாணத்துக்கு முன்பே படம் பிடித்துக்கொள்ளும் ஜோடிகள்,
பம்பளிமாஸ் உரித்தபடி மதிலேறும் பள்ளிக்கூடம்,
தலைக்கு மேல் சக்கரம் இறக்கிய விமானங்கள்.
ஜன்னலோரம் எட்டிப் பார்க்கிறார்களே,
அவர்களையும் சேர்க்கலாமா என்று
திப்பேசுவாமி சாரைக் கேட்டேன்.
சிரிக்காமல் சொன்னார்:
மண்ணில் கால் பட்டால்தான் கணக்கு.

இங்கே மண்ணில் பட்டதெல்லாம் ஆட்டுக் கால்.
மேய்ப்பவனை எண்ண விதி விடவில்லை.
தினம் வருபவன் பயணி அல்ல.

கல் என் இடுப்பளவு.
கீழே சண்டை. நடுவில்
செத்தவனை ஆளுக்கொரு தோளாய்த் தூக்கிப் போகும் பெண்கள்.
மேலே சொர்க்கம் இருந்த இடத்தில்
பழைய தேர்தல் சின்னம், பாதி.

ஆறாம் நாள் டீக்கடைப் புட்டலிங்கம்மா கேட்டாள்.
எவ்வளவு ஆச்சு?
சைபர்.
சைபர்னா?
பட்டியல்லேர்ந்து எடுத்துடுவாங்க. போர்டு வராது, ரோடும் வராது.
போர்டு கிடக்கட்டும், என்றாள்.
கிளாஸைக் கழுவினாள். மறுபடி கழுவினாள்.

மறுநாள் காலை வரிசை நின்றது.
எங்கிருந்து வர்றீங்க?
தார்வாட், என்றார் ஒருவர்.
அவர் வீட்டுக் கொடியில் அவர் சட்டையே காய்ந்தது
பத்தடி தள்ளி.
பெல்காம். மண்டியா. மண்டியா.
டிராக்டர்க்காரன் முகம் மாறாமல்
சிங்கப்பூர் என்றான்.
எழுதினேன்.

அடுத்த கேள்வியில்தான் சிக்கல்.
என்ன பார்த்தீர்கள்?
பதில் சொல்ல, திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

அய்யோ, இவனுக்கு மீசை இருக்கு!
அந்தக் கல்லில் முப்பது வருஷமாய்
எருமை கட்டும் புட்டலிங்கம்மா.
குதிரை என்றார் தார்வாட்.
காது பார், மாடு, என்றது பெல்காம்.
தூக்கலை, இழுத்துட்டுப் போறாங்க,
அவனுக்குப் போக மனசில்லை என்றாள்
ஒன்பதாவது படிக்கும் ஹேமலதா.
பதினோரு மணிவரை யாரும் வேலைக்குப் போகவில்லை.

அடியில் என்னமோ எழுதியிருக்கே,
நம்ம எழுத்து மாதிரி இல்லையே.
குனிந்தேன். மண்ணைத் தள்ளினேன்.
எங்கள் எழுத்து.
பாதியைக் காலம் தின்றிருந்தது, மீதியைச் சாணம்.
தொறு மீட்டுப் பட்டான்.

மாட்டு மந்தையைத் திருப்பிக் கொண்டுவந்தான், என்றேன்
எனக்குத் தெரிந்த கன்னடத்தில்.
பட்டான்னா?
விழுந்தான்.

யாரும் பேசவில்லை கொஞ்ச நேரம்.
யாரோட மாடு? என்றான் சிங்கப்பூர்.
அந்த இடத்தில் கல் உடைந்திருந்தது.

தங்கிய நேரம் என்றொரு கட்டம்.
கால் மணிக்குள், அரை நாள், ஓர் இரவு.
அதற்கு மேல் பெட்டி இல்லை.

சாயந்திரம் தொலைபேசியில் சொன்னேன்.
நூற்று எண்பத்து மூன்று சார்.
மறுமுனையில் மின்விசிறி மட்டும் ஓடியது.
சிங்கப்பூரா?
ஆமா சார்.
மண்ணில் கால் பட்டுதா?
பட்டுது சார்.
சரி, என்றார். வைத்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் நிற்கத்தான் இடம்.
பைக்குள் டிபன் பாக்ஸுக்கும் குடைக்கும் நடுவே
எண்ணி நசுங்கிக்கொண்டே வந்தது,
ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு க்ளிக்.
கே.ஆர்.புரத்தில் எடுத்துப் பார்த்தேன்,
இருநூற்று ஏழு.
பூஜ்யமாக்கும் குமிழ் பக்கத்திலேயே இருக்கிறது.
அப்படியே உள்ளே போட்டேன்.