47-ஆம் எண் சட்டை

முஹர்ரக்கில், மீன் சந்தைக்குப் பின்சந்தில்
எங்கள் லாண்டரியில் யாருக்கும் பெயர் கிடையாது.
காலரின் உள்மடிப்பில்
மார்க்கர் பேனாவால் ஓர் எண். அவ்வளவுதான்.

47.
வாரத்துக்கு ஆறு சட்டை.
முகத்துக்கு முன்னால் அவன் இடுப்பைத்தான் அறிந்தேன்.

வலப்பக்கம், பெல்ட்டுக்குச் சற்று மேலே,
உட்புறத்தில் மட்டும்
துணி தேய்ந்து பஞ்சு எழும்பியிருக்கும்.
அதன் நடுவே காசளவு மஞ்சள் கறை.
முகர்ந்து பார்த்தேன்.
சமையல் எண்ணெய் இல்லை.
தையல் மிஷினுக்கு விடுவோமே, அதற்குக் கொஞ்சம் பக்கத்தில்.
சாக்பீஸ் தூளுக்கும் எலுமிச்சைக்கும்
பாதிதான் போனது.

மெக்கானிக் என்று நினைத்தேன் முதலில்.
மெக்கானிக்கின் கறை வெளியிலிருந்து உள்ளே இறங்கும்.
இது உள்ளேயிருந்து வெளியே வருகிறது.

தோளுக்கு நாற்பது போதும், சட்டை நாற்பத்திரண்டு.
பேண்டுக்குள் செருகியதற்கான கசங்கல்
ஒருநாளும் இல்லை.
முன்னோரத்தின் வலது நுனியில் கைஅழுக்கு,
நாளுக்கு நூறு முறை
இழுத்து இழுத்து விடுகிறவனின் அழுக்கு.

கடைக்காரர் குஞ்ஞிமோன் கேட்டார்,
இதென்ன கறையடா?
கார் கிரீஸ், இக்கா, என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று
எனக்கே இன்னும் விளங்கவில்லை.

ஆகஸ்டில் ஒருநாள் மூட்டையோடு அவனே வந்தான்.
வழக்கமாக வரும் பையன் ஊருக்குப் போய்விட்டானாம்.
பலூச்சி முகம், இருபத்தாறு இருக்கும்.
கண்ணாடிக் கதவுக்கு முதுகைக் கொடுக்காமல்
ஓரமாக நின்று, இந்தியில் மெதுவாய்ச் சொன்னான்:
கஞ்சி அதிகம் போடு. விறைப்பாக இருக்கட்டும்.

விறைப்பான துணி எதையும் மறைக்காது, பாய், என்றேன்.

இஸ்திரிப் பெட்டி மட்டும் புஸ்ஸென்றது.
அவன் கை ஓரத்துக்குப் போனது. இழுத்தது.
பிறகு பர்ஸைத் திறந்து ஓர் அட்டையை நீட்டினான்.
முத்திரை, போட்டோ, பெயர்: மீர்தாத்.
அரசாங்க உத்தரவு இருக்கு. காவல் வேலை.
யாருக்குக் காவல் என்று கேட்காதே.

நான் எதையுமே கேட்கவில்லை.
பதினொரு வருஷமாக இந்தத் தீவில்
பேருந்திலும் பூங்காவிலும் கடற்கரையிலும்
அட்டை எடுத்துக் காட்டுகிறவன் நான்.
என்னிடம் ஒருவன் காட்டியது அன்றைக்குத்தான்.
பார்க்கத் தெரியாமல் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

வெள்ளை வேண்டாம், என்றேன்.
அடர்நிறத்தில் கட்டம் போட்டதை எடு.
கண் கட்டத்தை எண்ணிக்கொண்டு போய்விடும்,
மேட்டில் நிற்காது.
கஞ்சி ஒரு சொட்டும் வேண்டாம், துணி தானாக விழட்டும்.
முக்கியமாக, இழுக்காதே.
கறையை நான் மட்டும்தான் பார்க்கிறேன்,
உன் கையை ஊரே பார்க்கிறது.

அது தானாகப் போகிறது, என்றான்.
குழந்தையைக் குறை சொல்வதுபோல்.

எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தேன்.
நாலாவது சட்டையின் இடத்தோளில்
காய்ந்த பிஸ்கட் எச்சில்.
ஐந்தாவதிலும் அங்கேயே.
நான் நகத்தால் சுரண்டுவதைப் பார்த்து
முதல்முறையாகச் சிரித்தான்.
மகள். ரெண்டு வயசு.
இடப்பக்கம்தான் தூக்குவேன்.
இப்போது வலப்பக்கம் தூக்கினால் அவளே அழுகிறாள்.

அடுத்த வாரம் கட்டம் போட்டவை வந்தன.
நீலம், கருஞ்சிவப்பு, ஒரு பச்சை.
உள்ளே அதே எண்ணெய்.
குஞ்ஞிமோன் பிறகு கேட்கவில்லை.

பெருநாள் விடுமுறை முடிந்து வந்த மூட்டையில்
ஒரே ஒரு வெள்ளைச் சட்டை.
திருப்பிப் பார்த்தேன், இடுப்பில் கறை இல்லை.
வெளிச்சத்தில் பிடித்தேன், இல்லை.
இரண்டு தோளிலும் பிஸ்கட்.

ஓரத்தின் வலது நுனியில் மட்டும்
அதே கைஅழுக்கு.

அதைத் தனி வாளியில் போட்டேன்.
மற்ற சட்டைகளையெல்லாம் முடித்துவிட்டு
ராத்திரி கடை சாத்தும் நேரத்தில்
விரலால் தேய்த்தேன்.