குறைந்த விலை

மூன்று உறைகள்.
பிரித்து, தேதி போட்டு, மேசையில் பரப்பியிருக்கிறேன்.
பள்ளத்தூர், ஆறாவது வார்டு, சிறுவர் பூங்கா,
மதிப்பீடு நாலு லட்சத்து எண்பதாயிரம்.

கோயம்புத்தூர்க் கம்பெனி வழவழத்த புத்தகம் அனுப்பியிருக்கிறது.
அதில் சறுக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் பொன்னிறத் தலைமுடி.
பின்னால் புல்வெளி, மேகம்,
எந்த ஊரிலோ பெய்யப்போகும் மழை.
திருச்சிக்காரர் பிளாஸ்டிக்.
“வெயில் தாங்கும், அஞ்சு வருஷம் கேரண்டி மேடம்.”
சாயம் வெளுத்தால் அது கேரண்டியில் வராது என்பது
பதினொன்றாம் பக்கத்தில், எறும்பு எழுத்தில்.
மதுரைக்காரர் இரும்பு.

கவுன்சிலர் அடைக்கப்பனுக்கு யானை வேண்டும்.
வயிற்றுக்குள் ஏறித் தும்பிக்கை வழியாக இறங்குகிற யானை.
காரைக்குடியில் அவர் மைத்துனர் ஓட்டலில்
பந்துத் தொட்டி வைத்த பிறகு
பெற்றோர்கள் இன்னொரு தட்டுப் பணியாரம் சொல்கிறார்களாம்.
பூங்காவில் யார் பணியாரம் சுடுவது என்று
நான் கேட்கவில்லை.

நான் பார்த்தது வேறு.
ஊஞ்சல் சங்கிலிக் கண்ணியில்
என் சுண்டுவிரல் நுழைகிறதா.
ஏணிக் கம்பிகளுக்கு நடுவே ஒரு தலை,
நாலு வயசுத் தலை,
போய்விட்டுத் திரும்ப முடியாமல் நிற்குமா.
போல்ட் முனைக்குத் தொப்பி உண்டா.
விழுந்தால் எதன் மேல்?
ரப்பர் பாய்க்குப் பணமில்லை.
ஆற்று மணலுக்கு அனுமதியில்லை.
எம்சாண்ட் முழங்காலைச் சீவிவிடும்.
இருப்பது நம் செம்மண். அதைக் கொத்திவிட்டால்
வெள்ளைச் சட்டைகளுக்குத்தான் சேதம்.

விதியோ ஒற்றை வரி:
யார் குறைவோ அவருக்கே.
யார் குறைவோ அவர் இரும்பு.

சித்திரை. மதியம் இரண்டு.
மாதிரிக்கென்று மதுரைக்காரர் இறக்கிவிட்டுப் போன சறுக்கு
பூங்காவின் நட்டநடுவில் பச்சை பெயின்டோடு நிற்கிறது,
வரைபடத்தில் நான் புள்ளி வைத்த அதே இடத்தில்.
ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொரோனாவுக்கு வந்து
அலமாரியில் கிடந்த நெற்றி வெப்பமானியை
இரவல் வாங்கி வந்திருந்தேன்.
சறுக்குக்கு நெற்றி எதுவென்று தெரியாமல்
நடுவயிற்றில் குறிவைத்து அழுத்தினேன்.
எண் வரவில்லை. இரண்டு இங்கிலீஷ் எழுத்து வந்தது.
பம்ப் ஆபரேட்டர் சேவுகன் எட்டிப் பார்த்து
“ஹாய் சொல்லுது மேடம்” என்றார்.
மறுபடி அழுத்தினேன்.
மறுபடியும் ஹாய்.
பாட்டிலைச் சாய்த்து நாலு சொட்டு விட்டார்.
தோசைக்கல் பேசியது.

மேற்கே ஒரு மதில். இருபதடி உயரம்.
பூட்டிய வீடு; வரிப் பதிவேட்டில் பதினேழு பங்காளிகள்,
நிலுவைக்கு மட்டும் ஆளில்லை.
நாங்கள் சறுக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது
அந்த மதில் தன் நிழலை
மெல்லக் கிழக்கே அனுப்பத் தொடங்கியிருந்தது.

சேவுகன் பிளீச்சிங் பவுடர் வாளியோடு வந்தார்.
மூன்று மணிக்கு ஒரு கோடு.
நான்கு மணிக்கு ஒரு கோடு.
ஐந்து மணிக் கோட்டை இழுக்கும்போது
பூங்காவில் பாதி எங்களுடையது.
சுவரிலிருந்து ஆறடி விலக்கம்,
யாரும் துள்ளி விழுந்தாலும் மண்டை இடிக்காமல்.
அங்கிருந்து மூன்று மணிக் கோடு வரைக்கும்
சறுக்கு, நீளவாக்கில், வடக்கே பார்த்து.
அளவு, எண்ணிக்கை, வீதம், தொகை
என்று என் படிவத்தில் நான்கு கட்டம்.
நிழலை எதில் ஏற்றுவது?

ஆனியில் திறந்தார்கள். யானை இல்லாததால்
கவுன்சிலர் ரிப்பனை வெட்டிவிட்டு உடனே கிளம்பினார்.
ஆவணியில் தணிக்கைக் கடிதம் வந்தது:
“அங்கீகரித்த வரைபடத்திலிருந்து
பதினான்கு அடி விலகக் காரணம் யாது?”

மணி நாலு. போய்ப் பார்த்தேன்.
படி இருக்க, சறுக்கிலேயே
கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருக்கிறது ஒரு கூட்டம்,
எந்தப் புத்தகத்திலும் படம் போடாத வழியில்.
செருப்பில்லாமல்.

“காரணம்:” என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
கருவி ஹாய் சொன்னதற்கு
சேவுகனைச் சாட்சி போடலாமா?