இடத்துக்கு இடமில்லை

ஹீட்டரா பாட்டா என்று கேட்டால்
ஹீட்டர் என்பதுதான் புத்தியுள்ள பதில்.
கேதில் அதைச் சொன்னான், இரண்டு முறை.
நான் ஏற்கெனவே ரெய்க்யவிக்குக்குப் போன் போட்டிருந்தேன்.

கடையில் ஸ்வான்லாக் என்றொரு பெண்.
"தண்ணீர் புகாது என்பது வேறு,
உப்பு தின்னாது என்பது வேறு" என்றாள்.
குளியலறைச் சரக்கைக் கடலுக்கு விற்க மாட்டாளாம்.
வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி,
நான் கேட்டதைவிட இரண்டு மீட்டர் கூட.
பதினைந்து ஆம்பியர் ஃபியூஸ்.
வெயிலில் மஞ்சளிக்காத வெள்ளைக் கூட்டோடு
இரண்டு ஸ்பீக்கர்.
வெயிலா, ஐஸ்லாந்திலா என்று சிரித்தேன்.
அவளும் சிரித்தாள். விலையைக் குறைக்கவில்லை.
ஏப்ரல் முழுக்க மீன்முட்டை விற்ற காசு.

பெட்டி வந்த அன்று காற்று.
பில்துதாலூர் துறையில் ஒன்பது படகுகள்
கயிற்றை இழுத்து இழுத்து முனகின.
வீல்ஹவுஸில் நாங்கள் இருவர், ஒரு டிரில்,
காகிதத்தில் வரைந்த வட்டம்.
ஃபைபரில் போட்ட ஓட்டை
வாய்விட்ட சொல் மாதிரி.
மூன்று முறை அளந்தேன்.
கேதில் பலகைக்குப் பின்னால் தோள்வரை கையை விட்டு,
ஆட்டுக்குப் பிரசவம் பார்ப்பவன்போல
முகத்தை வேறெங்கோ வைத்துக்கொண்டு,
"ஹைட்ராலிக் குழாய் இல்லை, வெட்டு" என்றான்.

சாவியைத் திருப்பியதும்
முதலில் பாடியது எஞ்சின்தான்.
ஆல்டர்னேட்டரின் சிணுங்கல்
அடுப்பில் மறந்த கெட்டில் மாதிரி
இரண்டு ஸ்பீக்கரிலும் ஏறிற்று.
எர்த்தை நேராக பேட்டரிக்கே இழுத்தபிறகுதான் அடங்கிற்று.
அதற்கு ஒரு மதியம் போயிற்று,
இங்கே இவ்வளவு போதும்.

பிறகு பாட்டு. பழைய பதிவு:
வலப்பக்கம் அக்கார்டியன்,
இடப்பக்கம் பாடுகிறவள்,
நடுவில் யாருமில்லை.

கேதில் திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
படகு கட்டிய இடத்தில்தான் இருந்தது.
வடக்கு பதினொரு பாகை நகர்ந்திருந்தது.

இடது ஸ்பீக்கரின் காந்தம்.
ஊசிக்கும் காது உண்டு,
பக்கத்தில் இருப்பவர் பேச்சைத்தான் கேட்கும்.

"ஜிபிஎஸ் இருக்கிறதே" என்றேன்.
ஜிபிஎஸ் செத்துப்போன ஓர் இரவைப் பற்றி
எனக்குத் தெரியும், அவன் சொல்லி அல்ல.
அன்றும் அவன் சொல்லவில்லை.
"இதைக் கழற்று ஹல்பேரா" என்றான்,
"எனக்குத்தான் இடது காது இல்லையே."

இருபத்தாறு வருடம் டீசலுக்கு அருகே நின்ற காது.
துறையில் எல்லோருக்கும் தெரியும்.
வலப்பக்கம் சுற்றிப் போய் நின்றுதான் பேசுவார்கள்,
ஐஸ் லாரிக்காரன் உட்பட.
அவன் வாயால் கேட்டது அன்றுதான்,
ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டே சொன்னான்.

இடத்துக்கு இடமில்லை, சரி.
ஆனால் இரண்டுக்கும் காசு கொடுத்தவள் நான்.
ஸ்வான்லாக்கின் அந்த இரண்டு மீட்டரைக்
கீழே இழுத்தேன்,
அடுப்புக்கு எதிரே, கோப்பைகள் தொங்கும் கொக்கிகளுக்கு நடுவே
மாட்டினேன்.
மேலேயிருந்து "வந்துவிட்டது" என்று கத்தினான்.
வடக்கைச் சொன்னான்.

இப்போது பாட்டு இரண்டு தட்டில் ஓடுகிறது.
மேலே அவனுக்கு அக்கார்டியன்,
கீழே எனக்கு அவள்.
உருளைக்கிழங்கு வேகும்போது
அவள் யாரையோ கடிந்துகொள்கிறாள்.
அவள் என்ன சொன்னாள் என்றே தெரியாமல்
மேலே அவன் சரியான இடத்தில் விசிலடிக்கிறான்.

மோனோ என்று ஒரு பொத்தான் இருக்கிறது.
அழுத்தினால் இருவருக்கும் முழுப் பாட்டு.
கையேட்டில் நான்காம் பக்கம். படித்துவிட்டேன்.
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

பலகையில் அந்த ஓட்டை அப்படியே கிடக்கிறது.
கேதில் அதில் கையுறைகளைச் செருகி வைக்கிறான்.
ஹீட்டர் இன்னும் ரிப்பேர்தான்.
பலகைக்குப் பின்னாலிருந்து எஞ்சின் சூடு
அந்த வழியே கொஞ்சம் வருகிறது.
ஒரு கையுறை காய்கிறது,
மற்றது காய நேரமாகிறது.